மெத்தென்ற இடம்

வீட்டைச் சுற்றி ஒரு தடம் விழுந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் வந்தபோது அங்கே கணுக்கால் உயரத்துக்குப் புல் நின்றது. இப்போது ஒரு முழ அகலத்துக்குப் புல் தேய்ந்து, மண் தேய்ந்து, காலையில் பெய்த மழையில் கன்னங்கரேலென்று பளபளத்தது. கால்நடை டாக்டர் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியிலிருந்து ஆடுகள் அவிழ்ந்து வந்து நடந்திருக்கும் என்று முதலில் தோன்றியது. ஆனால் ஆட்டுக் குளம்பு மண்ணைக் கொத்திக் கொத்திப் போடும். இந்தத் தடமோ வழுவழுவென்று இருந்தது.

மணி மூன்றுதான். மேகம் கவிந்து, விளக்கு வைக்கும் நேரம் மாதிரி இருட்டியிருந்தது. நாய்கள் குரைக்கவில்லை. கார் சத்தம் கேட்டால் மூன்றும் பாய்ந்து வந்து டயரைக் கடிக்கிற நாய்கள் அவை.

அவள் வந்தது ஆட்டுக்காக இல்லை, அண்ணிக்காக. அண்ணி என்பது பேருக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. 'எங்க அண்ணனைக் கட்டிக்கோயேன், ஆடு மேய்ச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்' என்று விளையாட்டாக ஆரம்பித்து, கடைசியில் வீட்டில் சண்டை போட்டுக் கல்யாணத்தை முடித்ததும் டாக்டர்தான். அப்படிப்பட்டவள் பத்து நாளாக போனை எடுக்கவில்லை. அண்ணன்தான் எடுத்தான். ஒரு நாள் 'தூங்கறா' என்றான், மறுநாள் 'குளிக்கறா' என்றான். பத்து நாளும் ஒரு மனுஷி தூங்கிக்கொண்டும் குளித்துக்கொண்டுமா இருப்பாள்?

"பாப்பா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே!"

அண்ணன் பட்டியிலிருந்து வந்தான். பாதியாக இளைத்திருந்தான். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. ஆனால் அவளை நேராகப் பார்க்கவில்லை, தலையை இடது பக்கம் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தான்.

"அண்ணி எங்கே?"

"தலைவலி. இப்பதான் படுத்தா. எழுப்பாதே, பாவம். நீ முதல்ல ஆட்டை வந்து பாரு. என் கைவேலையைப் பார்த்தா நீயே எனக்கு டாக்டர் பட்டம் குடுத்துடுவே."

அவள் வீட்டுக் கதவைப் பார்த்தாள். தாழ் வெளிப்பக்கம் போட்டிருந்தது. மழைக்காற்றில் அடித்துக்கொள்ளும், அதனால் போட்டிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். பயப்படுகிற மனசு இப்படித்தான், காரணம் கண்டுபிடிப்பதில் படு கெட்டி.

அந்தக் கைவேலையைக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். எட்டு மாதத்துக்கு முன் ஆடுகள் ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. மூளைக்குள் நாடாப்புழுவின் நீர்க்கட்டி வளரும் நோய் அது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கொல்லாமல் காப்பாற்ற வழி சொல்லு என்று அண்ணன் கெஞ்சினான். செய்யக்கூடாததைச் செய்தாள். வீடியோ போனில் பாடம் நடத்தினாள். ஆடு எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கட்டி. கட்டைவிரலால் மண்டையை அழுத்திக்கொண்டே போ. கட்டிக்கு மேலே எலும்பு மெலிந்து மெத்தென்று அமுங்கும். அங்கே மயிரைச் சிரைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, தோலைக் கீறி, ஓட்டை போட்டு, நீர்ப்பையை உடையாமல் இழுத்து வெளியே எடு. அப்புறம் தையல். துளைக்கருவியை அவளே பார்சலில் அனுப்பினாள். அண்ணனுக்கு ராசியான கை. முதல் மாதம் பதினோரு ஆடு பிழைத்தது. அவள் அலுவலகத்தில் போட்டோ காட்டிப் பெருமையடித்துக்கொண்டாள்.

பட்டிக்குள் அறுபது ஆடும் நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. ஈர மயிரும் மூத்திரமும் கிருமிநாசினியும் கலந்த வாடை, அதற்கு அடியில் வேறு ஒரு வாடை, மூடி வைத்த பாத்திரத்தை நாலு நாள் கழித்துத் திறந்தால் வருமே, அது. கண் இருட்டுக்குப் பழகியதும் அவள் தலைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு தலையிலும் சதுரமாகச் சிரைத்திருந்தது. சதுரத்துக்கு நடுவில் தையல். சிலதுக்கு இரண்டு. ஓரமாக நின்ற ஒரு கிழட்டுப் பெட்டைக்கு ஐந்து. கொம்படியிலிருந்து மூக்கு வரை ரத்தம் கோடு போட்டு உறைந்திருந்தது.

"அண்ணா, எல்லாத்துக்குமா சுத்து வந்துச்சு?"

"வரலை. வரதுக்கு முன்னாடியே பிடிக்கணும்னு நீதானே சொன்னே? அதான் எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டேன்."

அவன் குரலில் பெருமை. நல்ல மார்க் வாங்கிய பையன் அட்டையை நீட்டுவது மாதிரி நின்றான். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். எட்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது அது.

"செத்ததோட தலை, எடுத்த நீர்ப்பை, இதையெல்லாம் என்ன பண்ணினே?"

"என்ன பண்ணுவாங்க? வீணாவா போடுவேன்? நாய்க்குத்தான் போட்டேன்."

எரித்துவிடு. இந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் பெருக்குகிற அம்மாவுக்குக்கூட அது தெரியும். சுவரில் படமே மாட்டியிருக்கிறது. ஆட்டுத் தலையை நாய் தின்றால் நாயின் குடலில் புழு வளரும். நாய் கழிந்த இடத்தில் முட்டை. முட்டை புல்லில், தண்ணீரில், நக்குகிற நாக்கில், தடவுகிற கையில். அத்தனையும் சொல்லிக்கொடுத்தவள், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இதை விட்டுவிட்டாள். அண்ணி அந்த மூன்று நாயையும் மடியில் போட்டுத்தான் பேன் பார்ப்பாள்.

"நாய் எங்கே அண்ணா?"

"அதுங்களும் ஒரு மாதிரியா பார்த்துச்சுங்க."

பட்டிக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், மூன்றும் வரிசையாகக் கிடந்தன. மூன்றுக்கும் மண்டை திறந்திருந்தது. ஓட்டை இல்லை. மூடியைக் கழற்றியது மாதிரி திறந்திருந்தது. ஈக்கள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

"உள்ள ஒண்ணுமே இல்லை, பாப்பா. சுத்தமா இருந்துச்சு" என்றான் அண்ணன், ஏமாந்த குரலில்.

நாய்க்குத் தலையில் இருக்காது, குடலில்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தெரியாமல் தப்பான இடத்தில் தேடியிருக்கிறான். தேடித் தேடிப் பழகிவிட்டான். இவனிடம் இன்னொரு இடத்தைக் காட்டிக்கொடுப்பதா?

அப்போது பட்டிக்குள் மடேர் என்று ஒரு சத்தம்.

பெரிய கிடா, நூறு கிலோவுக்குக் குறையாது, பின்னால் நாலு அடி போய் ஓடிவந்து இரும்புத் தூணில் முட்டியது. மறுபடி பின்னால் போனது. மறுபடி முட்டியது. மூன்றாம் முட்டலில் இடது கொம்பு வேரோடு பெயர்ந்து தொங்கியது. ஆறாவதில் நெற்றி எலும்பு உள்ளே போனது கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதும் அது பின்னால் நாலு அடி போய், கண்ணில் ரத்தம் வழிய, தூண் எங்கே என்று தேடியது. மற்ற ஆடுகள் விலகி இடம் விட்டன. பயந்து விலகவில்லை. வேலை செய்கிறவனுக்கு வழிவிடுவது போல விலகின.

கிடா விழுந்தது. காலை உதறியது. அண்ணன் அதன் கழுத்தில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். துளைக்கருவி அவன் இடுப்பிலேயே இருந்தது.

"வேண்டாம்! உயிர் இருக்கு, வலிக்கும் அதுக்கு!"

"உயிரோட இருந்தாத்தான் முழுசா வரும்."

திருகினான். எலும்புத் தூள் வெள்ளையாகவும் பிறகு சிவப்பாகவும் வந்தது. கிடா அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டது, ஆட்டுச் சத்தமே இல்லை அது. பிறகு அடங்கியது. அண்ணன் இரண்டு விரலால் நெம்பி, கண்ணாடி மாதிரி தெளிந்த, பெரிய எலுமிச்சை அளவுள்ள நீர்ப்பையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக அரிசி நுனி அளவு புள்ளிகள், கொத்துக் கொத்தாக. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழுவின் தலை. இதை நூறு முறை பார்த்திருக்கிறாள், பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். ஆனால் இந்தப் பையில் புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. மேல்பக்கத்தை விட்டு, ஓரத்தை விட்டு, அவள் கைப்பட்ட பக்கமாக எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டன.

பையைக் கீழே போட்டாள். அது உடையவில்லை.

"அண்ணிக்கு எத்தனை நாளா தலைவலி?"

அண்ணன் கிடாவின் காதைத் தடவிக்கொண்டே சொன்னான். "ரெண்டு மாசமா. அப்புறம் நடக்க ஆரம்பிச்சா. விடியறதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் வீட்டைச் சுத்தி சுத்தி வருவா. வெறுங்காலோட. எவ்வளவோ சொன்னேன்."

அவள் ஓடினாள்.

வழுவழுத் தடத்தில் கால் சறுக்கி விழுந்து, எழுந்து, தாழைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். முன்னறையில் எல்லாம் அதன் அதன் இடத்தில் இருந்தன. மடித்த துணி, கவிழ்த்த டம்ளர்கள், ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். உள்ளறையில் கிருமிநாசினி வாடை மூச்சை அடைத்தது. கட்டிலில் அண்ணி கிடந்தாள். கையும் காலும் ஆடு கட்டும் கயிற்றால் கட்டிலோடு கட்டியிருந்தது. தலை முழுக்கச் சிரைத்திருந்தது. மூன்று தையல். அழகான தையல், இடைவெளி பிசகாமல், முடிச்சு ஒரே பக்கமாக. அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

செத்துவிட்டாள் என்றுதான் டாக்டர் நினைத்தாள். கண் திறந்தது.

"வந்துட்டியா டாக்டரே" என்றாள் அண்ணி. "உன் லட்சணத்துக்கு இவ்வளவு சீக்கிரம் வந்ததே அதிசயம்."

டாக்டர் அழுதாள். அந்தக் கிண்டல் காதில் விழுந்த பிறகுதான் அழுதாள். எப்படியும் இவளைக் காப்பாற்றிவிட வேண்டும், தன் வாயால் வந்த வினை, இவள் பிழைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். ஒரு கையால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இன்னொரு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"கார்லயே போயிடலாம்டி. எழுந்திரு. என் தோளைப் பிடிச்சுக்கோ."

"அவர் மேல கோபப்படாதே. தப்பான இடத்துல தேடறார், அவ்வளவுதான்."

அண்ணி எழுந்து நின்றாள். நடந்தாள். கதவு எதிரே பத்து அடியில் இருந்தது. அண்ணி இடது பக்கம் போனாள். அலமாரியில் இடித்துக்கொண்டாள், திரும்பினாள், கட்டிலைச் சுற்றி வந்தாள்.

"நேரா வாடி! கதவு இந்தப் பக்கம்!"

"நேராத்தான்டி வரேன்."

அறை வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன் நின்றான், கையில் ரத்தம் சொட்டும் துளைக்கருவியோடு. டாக்டர் யோசிக்கவே இல்லை. கதவோரம் கிடந்த இரும்புத் தாழ்க்கம்பியை எடுத்து அவன் தலையில் ஓங்கி அடித்தாள். கூடப் பிறந்தவனை அடிக்கிறோம் என்பது அடித்த பிறகுதான் உறைத்தது. எலும்பில் பட்ட சத்தம் வரவில்லை. தொப்பென்றுதான் கேட்டது, ஈர மூட்டையில் அடித்தது போல. துண்டு நனைந்து சிவந்தது. அவன் விழவில்லை. கோபமும் படவில்லை.

"மூணு தடவை தேடிட்டேன், பாப்பா" என்றான். கண்ணில் நீர் வழிந்தது. "கிடைக்கலை. எனக்குக் கை நடுங்குது. உன் கை வேணும்."

"ஆஸ்பத்திரிக்குப் போறோம். வழியை விடு!"

வழியை விட்டான். ஒதுங்கி நின்றான், அவ்வளவு சுலபமாக.

அதற்குள் பின்னால் அந்தச் சத்தம் தொடங்கியது. அண்ணி சுவர்ப்பக்கம் போய் நெற்றியை முட்டினாள். மடேர். நாலு அடி பின்னால் வந்தாள். மடேர். டாக்டர் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். ஐம்பது கிலோ தேறாத உடம்பு அவளையும் இழுத்துக்கொண்டு போய் முட்டியது. மடேர். சுண்ணாம்பில் ரத்தம். ரத்தத்தில் முடி இல்லாத தோல் துணுக்கு. பல் உடைந்து டாக்டர் கையில் தெறித்தது.

"வெளியே எடுடி" என்றாள் அண்ணி, ஒவ்வொரு முட்டலுக்கும் நடுவில். "எடு. எடுத்துடு. எடு."

ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம். இப்படி முட்டுகிறவளைக் காரில் ஏற்ற முடியாது.

இன்னும் பத்து முட்டல் தாங்காது. ஐந்துகூடத் தாங்காது.

அண்ணனும் அவளுமாக அண்ணியைக் கட்டிலில் தள்ளிப் பிடித்தார்கள். அண்ணி தோளில் அண்ணன் முழங்காலை ஊன்றினான். டாக்டர் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே போனாள். நெற்றி. கெட்டி. உச்சி. கெட்டி. தையல்களைத் தாண்டி, இடது காதுக்கு மேலே, பின்பக்கமாக.

மெத்.

அங்கே ஒரு துடிப்பு இருந்தது. இன்னொரு கையால் கழுத்து நாடியைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக அடிக்கவில்லை.

"அங்கதான்" என்றாள் அண்ணி. பள்ளிக்கூடத்தில் முதுகு சொறியச் சொல்வாளே, அதே குரல்.

மருந்து இல்லை. இருந்ததெல்லாம் ஆட்டுக்கே தீர்ந்துவிட்டிருந்தது. அண்ணன் நீட்டிய கத்தியால் கீறினாள். ரத்தம் முழங்கை வரை வந்தது. துளைக்கருவியை வைத்துத் திருகினாள். திருகத் திருக அண்ணி கத்தினாள். அந்தச் சத்தம் பற்களுக்குள் இறங்கியது. எலும்பு காகிதமாக இருந்தது. இரண்டு சுற்றில் உள்ளே போய்விட்டது. ஓட்டையில் வெள்ளையாக ஒன்று உப்பி எட்டிப் பார்த்தது. விரல் போட்டு இழுத்தாள். உடையாமல். உடையவே கூடாது. வந்தது. எலுமிச்சை அளவு வந்தது. நிற்கவில்லை. ஆரஞ்சு அளவு. இன்னும் வந்தது. அந்தத் தலைக்குள் இவ்வளவுக்கு இடமே கிடையாது. மூளை எங்கே போயிற்று? இவ்வளவு இருந்தால் மூளை எங்கே?

இரண்டு கை நிறைய வந்து, கடைசி நுனி மெல்லிய சத்தத்தோடு விடுபட்டது.

அண்ணி கத்துவதை நிறுத்தினாள். கழுத்தில் நாடி இல்லை. மூச்சும் இல்லை. டாக்டர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. செத்துவிட்டாள். கொன்றுவிட்டோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, கொன்றுவிட்டோம்.

பிறகு அண்ணி எழுந்து உட்கார்ந்தாள்.

நேராக உட்கார்ந்தாள். தலை சாயவில்லை. திறந்த ஓட்டையின் விளிம்பில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது, உள்ளே ஒன்றுமில்லாத இருட்டு. டாக்டர் மடியில் கிடந்த பையை அண்ணி தன் இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரமாகத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புள்ளிகள் எல்லாம் அந்தக் கைகளின் பக்கம் வந்து சேர்ந்தன.

"இப்பத்தான் சரியாச்சு" என்றாள். உதடு அசைந்தது. மூச்சு அசையவில்லை. "அவருக்கும் பாரு. பாவம், ரொம்ப நாளா பொறுத்துக்கிட்டிருக்கார்."

அண்ணன் துண்டை அவிழ்த்துவிட்டுத் தரையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். சின்ன வயதில் தலை துவட்டிவிடச் சொல்லி அம்மா முன்னால் உட்காருவானே, அதே மாதிரி. கம்பி பட்ட இடத்தில் மண்டை கிண்ணம் போலக் குழிந்திருந்தது. அவள் ஓடிவிட நினைத்தாள். வாசலைப் பார்த்தாள்.

வாசலில் ஆடுகள் நின்றன. முன்னறை முழுக்க, ஒன்றன் பின் ஒன்றாக, தள்ளாமல் முண்டாமல், கத்தாமல். தலையைக் குனிந்துகொண்டு. தையல்கள் எல்லாம் அவளைப் பார்த்தபடி. முதலில் நின்ற கிழட்டுப் பெட்டை ஓரடி முன்னால் வந்தது.

"பாப்பா" என்றான் அண்ணன், நிமிராமல். "சீக்கிரம்."

அவள் கட்டைவிரலை வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாகப் போயிற்று. அழுத்தினாள். விரல் அமுங்கி, தோலைத் தாண்டி, முதல் கணு வரை சூட்டுக்குள் இறங்கியது. இழுத்தாள். வரவில்லை. உள்ளே ஏதோ, வாய் வாயாக, பால்குடிக் குட்டி விரலைச் சப்புவது போல, அவள் விரலைக் கவ்விச் சப்பத் தொடங்கியிருந்தது.